மோட்டார் வண்டியின் செவ்விளக்கு

மோரிஸ் மைனர் 1000 என்னும் மோட்டார் வண்டி 1956 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்டது. இலங்கைத் தெருக்களில் அதனை இன்றும் காணலாம். அதன் வேகமானி முகப்பிலே சிறு செவ்விளக்கு ஒன்றுண்டு. ஓடுங்கால் அஃது எரியக் கண்டோர் பலர் பாட்டரியையே பழிப்பர். பாவம், பாட்டரி பெரும்பாலும் குற்றமற்றது.

அவ்விளக்கின் ஒரு முனை சாவி வழியே பாட்டரியோடும், மறுமுனை டைனமோவோடும் பிணைக்கப்பட்டுள்ளது. டைனமோ சுழலாதபோது மின்சாரம் விளக்கினூடே அதனிடம் பாயும், விளக்கு எரியும். டைனமோ விரைந்து சுழன்று பாட்டரிக்கு நிகரான வோல்டேஜைப் பெற்றதும், இருபுறமும் சமமாகி விளக்கு அணையும். ஆகவே எஞ்சின் மெதுவாய் ஓடுங்கால் மங்கலாய் மினுக்குதல் குற்றமன்று. வேகத்திலும் மங்கலாய் எரியின், கம்பி இணைப்புகளிலோ கட்-அவுட்டின் முனைகளிலோ தடையுளதென ஊகிக்கலாம்.

செல்கையில் திடீரெனப் பளிச்சென்று எரியுமாயின் உடனே நிறுத்துக. பெல்ட்டு அறுந்திருக்கக்கூடும். தண்ணீர்ப் பம்பைச் சுழற்றுவதும் அப்பெல்ட்டே; வீடு அண்மையில்தானே என்று மேலும் ஓட்டுவோர் எஞ்சினையே இழக்க நேரும். பெல்ட்டு அறாதிருப்பின் அதன் நடுவே விரலால் அழுத்துக. ஏறக்குறைய அரை அங்குலமே தொய்யலாம். அதுவும் செவ்விதாயின், டைனமோவின் இரு கம்பிகளையும் கழற்றி, அம்முனைகளிரண்டையும் ஒன்றாய் இணைத்து, அவற்றிற்கும் வண்டியின் இரும்பிற்கும் இடையே வோல்ட்மீட்டரால் அளக்க. எஞ்சினைச் சிறிதுசிறிதாகவே விரைவாக்குக. கட்டுப்பாடு நீங்கிய டைனமோ மிகுவேகத்திற் கருகும். முள் சற்றும் அசையாவிடில், உள்ளேயுள்ள கரித்துண்டுகள் தேய்ந்தோ சிக்கியோ இருக்கலாம்.

இன்னுமொன்று. சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிதல் வேண்டும். எரியாவிடில் பல்பு கெட்டிருக்கலாம். பின்பு பெல்ட்டு அறுந்தாலும் அஃது அறிவிக்காது.