ஒருநாள் மலரும் ஒன்பது மாத மலரும்

பறக்கும் புறாவைப் போன்ற வெண்மலர் பூக்கும் புறா ஆர்க்கிட்டை நம் தோட்டப்புற மரங்களில் பலரும் கண்டிருப்போம். திடீர் மழையால் காற்று குளிர்ந்து ஏறத்தாழ 9 நாள் சென்றதும், அவ்வட்டாரத்துச் செடிகளெல்லாம் ஒரே காலையில் பூக்கும். மறுநாள் அம்மலர்கள் வாடிக் கிடக்கும். அதே டென்ட்ரோபியம் பேரினத்தைச் சேர்ந்த வேறொரு சிறு செடியின் மலரோ, 9 மாதம் வரைகூட வாடாமல் நிற்கவல்லது! அதனைப் பற்றி இங்கு அறிந்துகொள்வோம்.

அச்செடியின் பெயர் டென்ட்ரோபியம் கத்பர்ட்சோனி. நியூகினித் தீவின் குளிர்ந்த மலைக்காடுகளில், பெரும்பாலும் 2,000 முதல் 3,000 மீட்டர் உயரத்தில், பாசி படர்ந்த மரக்கிளைகளில் அது வாழ்கிறது. 1888ஆம் ஆண்டில் தாவரவியலறிஞர் பெர்டினன்ட் வான் மூல்லர் அதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். செடி நம் விரலளவே இருக்கும். மலரோ பல வேளைகளில் இலையையே மறைத்துவிடும். சிவப்பு மலர்களே மிகுதி. மஞ்சள், இளஞ்சிவப்பு, ஊதா நிறங்களிலும் பூப்பதுண்டு.

மரத்தின்மேல் வாழ்வதால் இதனைப் புல்லுருவி என எண்ணிவிடலாகாது. புல்லுருவி மரத்தினுள் வேரைச் செலுத்தி, அதன் நீரை உறிஞ்சும். இவ்வார்க்கிட்டோ மரத்தைத் தங்குமிடமாக மட்டுமே கொள்கிறது. அதன் வேரைப் பஞ்சு போன்ற உறை மூடியிருக்கும். மழைநீரையும் மூடுபனியின் ஈரத்தையும் அவ்வுறை ஏற்றுக்கொள்ளும். பச்சை இலைகள் உணவைத் தாமே ஆக்கிக்கொள்ளும்.

மலர் ஏன் இத்துணை நாள் நிற்கிறது? உயர்ந்த மலைகளில் குளிரும் மழையும் மிகுதி; மகரந்தம் சுமந்து வரும் உயிரினங்களின் வருகை குறைவு. ஆகவே, நெடுநாள் காத்திருக்கும் மலருக்கே காய்க்கும் வாய்ப்பு மிகுதி என அறிஞர் கருதுவர். காய்த்த பின்னும் இடர் தீர்வதில்லை. தூசி போன்ற அதன் விதையில் உணவுச் சேமிப்பு இல்லை. அதற்கேற்ற நுண்ணிய பூசணம் ஊட்டினால்தான் அது காட்டில் முளைவிடும்.

மரம், பாசி, பனி, பூசணம் ஆகிய அனைத்தும் கூடிக் காக்கும் உயிர் இது. மரத்தை வெட்டினால் பாசி காயும். பாசி காய்ந்தால் செடியும் மடியும். அழகுக்காகப் பெயர்த்தெடுத்து வெப்பமான தாழ்நிலத்தில் நட்டாலும் அது நெடுநாள் பிழைப்பதரிது. 1975ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கையொன்று ஆர்க்கிட் வாணிகத்தைக் கட்டுப்படுத்துகிறது. எனினும், காட்டில் நீளும் கையைத் தடுக்க வேண்டியது நம் மனமே.

நம் வீட்டருகே மரக்கிளையில் ஓர் ஆர்க்கிட் பூத்திருந்தால், அதனைப் பறிக்காமல் நின்று பார்ப்போம். ஒருநாள் மலராயினும் அதுவும் விதைக்காகவே மலர்ந்தது அன்றோ!