வலுக்குறைந்த தாராக் குஞ்சைப் பராமரித்தல்

கடந்த விடுமுறையில் எங்கள் வீட்டுக் கோழியை ஐந்து தாரா முட்டைகளில் அடை வைத்தார் மூத்தம்மா. கோழி முட்டை பொரிக்க 21 நாட்கள் போதும். தாரா முட்டைக்கு ஏறத்தாழ 28 நாட்கள் வேண்டும். 28ஆம் நாள் நான்கு குஞ்சுகள் வெளிவந்தன. ஐந்தாவது முட்டையில் ஒரு சிறு வெடிப்பு மாத்திரமே தெரிந்தது. நான் ஓட்டை உரிக்கக் கையை நீட்டினேன். மூத்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

காரணம் எனக்கும் தெரியும். முந்திய வருடம் நான் அவ்வாறு ஓட்டை உரித்தபோது உள்ளிருந்து இரத்தம் கசிந்தது. அந்தக் குஞ்சு அன்று மாலையே இறந்துபோனது.

ஓட்டை உடைக்கலாமா?

பொரிக்கும் தறுவாயில் குஞ்சின் உடல், எஞ்சிய மஞ்சட் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஓட்டின் உட்சவ்விலுள்ள இரத்தமும் குஞ்சின் உடலுக்குள் செல்கிறது. இவை முடியுமுன் ஓட்டை உரித்தால் இரத்தக் குழாய்கள் அறுந்துவிடும். முதல் துளை விழுந்தபின் தாராக் குஞ்சு முழுமையாக வெளிவர ஒரு நாள், சிலவேளை இரண்டு நாட்கள்கூட ஆகலாம். அந்த நேரம் அதற்கு ஓய்வும் வேலையும் கலந்த நேரமாகும். ஆகவே பார்த்துக்கொண்டிருப்பதே நாம் செய்யக்கூடிய உதவி.

மறுநாள் காலை எங்கள் ஐந்தாவது குஞ்சு தானாகவே வெளிவந்தது. ஆனால் கழுத்தை நிலத்தில் போட்டபடி கிடந்தது, கால்கள் குளிர்ந்திருந்தன.

முதலில் சூடு

வலுக்குறைந்த குஞ்சைக் கண்டதும் தீன் ஊட்டவே மனம் விரும்பும். அது தவறு. குளிர்ந்த உடலால் உணவைச் சமிக்க முடியாது. முதல் வாரத்தில் குஞ்சு இருக்கும் இடத்தில் சுமார் 32 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும்.

நாங்கள் ஒரு காட்போட் பெட்டியில் பழைய துவாயை விரித்து, ஒரு பக்கத்தில் மட்டும் பழைய வகை இழை மின்குமிழைப் பாதுகாப்பான உயரத்தில் தொங்கவிட்டோம். எல்.ஈ.டி. மின்குமிழ் வெளிச்சம் தரும். போதிய சூடு தராது. மின்சாரம் தடைப்பட்டால் சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி அருகில் வைக்கலாம். குப்பி விளக்கைப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது.

குஞ்சு விளக்கின் கீழ் ஒடுங்கிக் கத்தினால் சூடு போதாது. விலகிப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எழும்ப முடியாத குஞ்சால் விலகிப் போக முடியாது. ஆதலால் அதை அடிக்கடி பார்க்க வேண்டும்.

பின்னர் நீர், அதன்பின் தீன்

குஞ்சின் வயிற்றிலுள்ள மஞ்சட் கரு முதல் ஒரு நாளுக்குப் போதுமான உணவாகும். எனவே பதற்றம் வேண்டாம். உடல் சூடேறியதும், இளஞ்சூடான நீரில் அலகின் நுனியை மட்டும் தொட வேண்டும். குஞ்சு தானாக விழுங்கும். வாய்க்குள் நீரை ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

நீர்த்தட்டு ஆழமற்றதாக இருக்கட்டும். உள்ளே கூழாங்கற்களைப் போட்டால் குஞ்சு மூழ்காது. "தாரா தானே, நீந்தட்டும்" என்று தண்ணீரில் விடுவது பெரும் ஆபத்து. பலவீனமான குஞ்சு நனைந்தால் விரைவில் குளிர்ந்து இறந்துவிடும்.

நிமிர்ந்து நிற்கத் தொடங்கியபின் கோழிக்குஞ்சுத் தீனை நீரில் குழைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். அவித்த முட்டை மஞ்சளையும் உதிர்த்துக் கொடுக்கலாம். பூஞ்சணம் பிடித்த தீன் தாராக் குஞ்சுக்கு நஞ்சாகும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் இறந்தன. தாராக் குஞ்சுகளும் மாண்டன. பூஞ்சண நஞ்சு கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கே அதற்குக் காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள்.

கால்களைக் கவனியுங்கள்

வழுக்கும் பத்திரிகைத் தாளில் விட்டால் குஞ்சின் கால்கள் இருபக்கமும் விரிந்துவிடும். சொரசொரப்பான துணியே நல்லது. கோழிக்குஞ்சைவிடத் தாராக் குஞ்சுக்கு நியாசின் என்னும் விற்றமின் அதிகம் தேவை. அது குறைந்தால் கால்கள் வளைந்து பலமிழக்கும். தீனுடன் சிறிதளவு ஈஸ்ட் கலப்பது இதற்கு உதவும். கால் வளைவு தொடர்ந்தால் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

தனிமை வேண்டாம்

பொரித்த முதல் நாட்களில் தாராக் குஞ்சு தான் காண்பதைத் தாயாக எண்ணிப் பின்தொடரும். இத்தகைய இயல்பை ஆராய்ந்த ஒஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ் 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆகவே நோயாளிக் குஞ்சு தன் கூட்டத்தின் சத்தம் கேட்கும் இடத்தில் இருப்பது நல்லது. அதைத் தொட்ட பின் சவர்க்காரமிட்டுக் கைகழுவ மறக்காதீர்கள். சிறு பிள்ளைகள் முத்தமிடவும் விடாதீர்கள்.

எங்கள் குஞ்சு மூன்றாம் நாள் எழுந்து நின்றது. ஐந்தாம் நாள் இரவு, கோழி உறங்கும் வேளையில் அதன் சிறகுக்குள் மெதுவாக வைத்தோம். விடிந்தபோது ஐந்து குஞ்சுகளும் கோழியின் பின்னால் நடந்தன.

எல்லாக் குஞ்சுகளும் இப்படிப் பிழைப்பதில்லை. ஆனால் முந்திய வருடம் இறந்த குஞ்சின் மீதும் எனக்கு இதே அளவு இரக்கம் இருந்தது. அன்று எனக்கு இல்லாதிருந்தது பொறுமையும், எதை முதலில் செய்வது என்ற அறிவும்தான்.