ஏழு ராத்திரி பொறு, கண்ணு

பாகாயம்,
ஞாயிறு இரவு.

அன்புக் கண்ணுக்கு,

அத்தை எழுதுகிறேன். காலையில் ஆம்பூரிலிருந்து போன் பண்ணினாய். பக்கத்தில் ஆள் இருந்ததால் சரியாகப் பதில் சொல்லவில்லை. "வியாழக்கிழமையே மாலா-என் ஆரம்பிச்சிட்டேன், இனி பயமில்லதானே அத்தை?" என்றாய். பயம் இருக்கிறது, கண்ணு. இன்னும் சில நாளைக்கு இருக்கிறது.

மாதவிலக்கு வந்த முதல் ஐந்து நாளுக்குள் இந்தக் கருத்தடை மாத்திரையைத் தொடங்கியிருந்தால் அன்றே பாதுகாப்பு. அப்போது கருமுட்டை முதிர்ந்திருக்காது, மாத்திரை முந்திக்கொள்ளும். நீ பத்தாம் நாள் தொடங்கியிருக்கிறாய். சினைப்பையை அடக்கிவைக்க மாத்திரைக்கு விடாமல் ஏழு நாள் வேண்டும். வியாழன் போட்டது முதலாவது, வருகிற புதன் போடுவது ஏழாவது. அதுவரை மாப்பிள்ளை ஆணுறை போட்டுக்கொள்ளட்டும். இந்த மூன்று ராத்திரியில் அது இல்லாமல் இருந்திருந்தால், நாளைக்கே நர்ஸம்மாவைப் பார். முடிந்தவரை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய அவசர மாத்திரை இருக்கிறது, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் தெரியுமா? உன் அத்தானுக்கும் அவன் அக்காவுக்கும் ஒன்றரை வயசுதான் வித்தியாசம். அவள் தவழ்ந்துகொண்டிருந்தபோது நானும் மாதத்தின் நடுவில் மாத்திரை தொடங்கினேன். அட்டையைக் கையில் கொடுத்தவர்கள் இந்த ஏழு நாள் கணக்கைச் சொல்லவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை. அப்படித்தான் அவன் வந்தான். அவன் என் உயிர். ஆனால் ரத்தமே இல்லாத உடம்போடு அவனைச் சுமந்த அந்த மாதங்களை நான் மறக்கவில்லை.

அட்டையை எடுத்துப் பார். மொத்தம் 28. வெள்ளை 21, அதில்தான் மருந்து. கடைசி ஏழு காவி நிறம், அது இரும்புச் சத்து. அந்த நாட்களில் விலக்கு வரும். காவியைத் தூக்கிப் போடாதே. அதையும் போட்டு வந்தால்தான் அடுத்த அட்டையைச் சரியான நாளில் தொடங்குவாய். புது அட்டை தள்ளிப்போனால்தான் பெரும்பாலும் ஏமாந்துபோகிறோம்.

ஒருநாள் மறந்தால் நினைவு வந்ததும் போடு, அன்றைக்கு இரண்டானாலும் சரி. இரண்டு நாள் தொடர்ந்து விட்டால் மறுபடி ஏழு நாள் ஆணுறை. போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடு. காலையில் கம்பெனி வேன் பிடிக்க ஓடுகிற நேரத்தில் இதெல்லாம் ஞாபகம் இருக்காது. வேலை விட்டு வந்து ஐ.டி. கார்டைக் கழற்றி மாட்டுகிற ஆணியிலேயே ஒரு பையில் அட்டையையும் மாட்டிவை. ஓ.டி. பார்த்து வந்தாலும் கார்டு மாட்டாமல் படுக்க மாட்டாய். ஒழுங்காகப் போட்டால் வருஷத்துக்கு 100 பேரில் ஒருத்திக்குக்கூடக் கரு தங்குவது அபூர்வம். விட்டு விட்டுப் போடுகிறவர்களையும் சேர்த்தால் ஏழு பேர் வரை போகிறது.

கர்ப்பப்பை சுருங்கிவிடும் என்று உன் மாமியார் சொன்னார்களாம். சுருங்காது. நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில மாதத்திலேயே கரு தங்கும். முதல் இரண்டு மூன்று மாதம் குமட்டலும் திட்டுத் திட்டாய் ரத்தம் படுவதும் இருக்கலாம், அதற்காக நிறுத்தாதே. கால் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

இங்கே என் வாசலில் நின்றால் சி.எம்.சி. காலேஜ் சுவர் தெரியும். பெண் டாக்டர் இல்லாமல் திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்ததைப் பார்த்துத்தான் அந்தக் காலேஜை நிறுவிய ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்தார், 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்ட காலம் அது. இப்போது உன் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்கப் பெண்கள் இருக்கிறார்கள். நீ என்னிடம் கேட்டாயே, அதில் எனக்கு எவ்வளவு நிம்மதி!

மாத்திரைக்கு முன்னால் பிரஷர் பார்த்தார்களா என்று கேட்க மறந்துவிட்டேன். பார்க்கவில்லையென்றால் நாளைக்கே பார்த்துவிடு. அடுத்த ஞாயிறு லீவில் காட்பாடியில் இறங்கி பாகாயம் பஸ் ஏறு, அட்டையையும் எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
அத்தை