ஆறு தந்தி பாஸ் வாங்க நினைக்கும் தம்பிக்கு



கொடுங்கையூரிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. ஆடி மாதத்துக் கூழ் வார்க்கும் மேடைகளிலும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைகளிலும், விடிய விடிய நடக்கும் கானாக் கச்சேரிகளிலும் நான்கு தந்தி பாஸ் கிட்டாரை வாசித்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, இப்போது மலிவான விலைக்கும் கிடைக்கத் தொடங்கியிருக்கிற ஆறு தந்தி பாஸ் ஒன்றை வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கேள்வி ஒன்று போலத் தோன்றினாலும் அதற்குள் இரண்டு ஆசைகள் இருக்கின்றன. கீழே ஒரு தந்தி வேண்டும் என்பது ஓர் ஆசை. மேலே ஒரு தந்தி வேண்டும் என்பது வேறோர் ஆசை. இவ்விரண்டில் உன்னுடையது எது என்பதை நீ நிச்சயித்துக்கொள்ளாத வரையில் என் அபிப்பிராயத்தினால் உனக்குப் பிரயோஜனம் இராது.

இந்த வாத்தியம் பிறந்த கதையை முதலில் சொல்கிறேன். லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பாஸ் கிட்டாருக்கு நான்கு தந்திகள் இருந்தமைக்குக் காரணம், நின்றுகொண்டு வாசிக்கும் பழைய டபுள் பாஸுக்கு நான்கு தந்திகள் இருந்ததுதான். ஆந்தனி ஜாக்ஸன் என்ற அமெரிக்கக் கலைஞர், கிட்டார்க் குடும்பத்தில் மந்தரமான வாத்தியம் இதுவானால் இதற்கும் ஆறு தந்திகள்தாமே நியாயம் என்று வாதித்து, கார்ல் தாம்ஸன் என்ற தச்சரைக் கொண்டு 1975இல் தமக்கென ஒன்று செய்வித்துக்கொண்டார். இதில் உன் போன்றவர்கள் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம் உண்டு. ஓ'ஜேஸ் குழுவின் 1973ஆம் ஆண்டுப் பாட்டொன்றில் உலகமே திரும்பிப் பார்க்கும்படி அவர் வாசித்தது நான்கு தந்தியில்தான். கையில் இருந்ததன் எல்லையை எட்டிய பிறகே அவர் புதிய வாத்தியத்தைக் கேட்டார்.

இனி, கீழ்த் தந்தியின் விஷயம். உன் வாத்தியத்தின் அடித் தந்தி 'ஈ'. விநாடிக்கு ஏறக்குறைய 41 அதிர்வுகள். ஆறு தந்தியில் அதற்கும் கீழே வரும் 'பி' தந்திக்கோ சுமார் 31 அதிர்வுகளே. வீணையில் அனுமந்தரத் தந்திக்கு உள்ள இடம் இங்கே அதற்கு. நம்முடைய பாடகர்கள் ஒரு கட்டையிலோ, ஒன்றரையிலோ, இரண்டு கட்டையிலோ சுருதி வைக்கும்போது, அவர்களுடைய ஷட்ஜத்தை மிகத் தாழ்ந்த ஸ்தாயியில் பிடிக்க உன் நான்கு தந்தியில் வழியில்லை. மூன்று கட்டையாகிய 'ஈ'யோடு அது நின்றுவிடுகிறது. 'பி' தந்தி வந்தால் முதல் மெட்டில் ஒரு கட்டையும் மூன்றாம் மெட்டில் இரண்டு கட்டையும் கிடைத்துவிடும். இது மெய்யான லாபம், மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த நாதம் ஜனங்களின் காதில் விழுகிறதா என்று பார். முப்பத்தொரு அதிர்வுள்ள ஓர் ஒலியலையின் நீளம் ஏறக்குறைய 11 மீட்டர். தெருவை அடைத்துச் சாமியானா போட்டு, வாடகைக்கு எடுத்த பாக்ஸ்களை மேடையின் இருபுறமும் நிறுத்தி நடக்கிற நம் கச்சேரிகளில், அந்த ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவை 50 அதிர்வுகளுக்குக் கீழே வரவரத் தளர்ந்துபோகின்றன. அங்கே கேட்பது அடிநாதம் அன்று, அதற்கு மேலே இரட்டிப்பாக எழும் 62 அதிர்வு உபநாதமே. மிச்சத்தைக் கேட்பவனுடைய மனமே கற்பித்துக்கொள்கிறது. போதாததற்கு, டிரம்ஸின் கிக்கும் டோலக்கின் தொப்பியும் அதே பிரதேசத்தில் முழங்குவதால், மூன்றும் கலந்து ஒரே உறுமலாக முடிகிற இரவுகள் உனக்குத் தெரியாதவை அல்ல. இரண்டு கட்டைப் பாட்டுக்கு மட்டும் தாழ்ந்த ஷட்ஜம் வேண்டுமானால், 'ஈ' தந்தியை ஒரு முழு ஸ்வரம் தளர்த்தி 'டி' ஆக்கிக்கொள், காலணாச் செலவில்லை. எல்லாச் சுருதிக்கும் வேண்டுமானால் ஐந்து தந்தி போதும். ஆறாவதற்கு இதில் வேலையே இல்லை.

மேல் தந்தியாகிய 'சி'யின் காரியம் வேறு. அது உன்னைத் தாளத்தின் பக்கத்திலிருந்து ராகத்தின் பக்கத்துக்கு இழுக்கிறது. பக்கவாத்தியமாக அடங்கி நிற்கும் பாஸ், அந்தத் தந்தியினால் மூன்று நான்கு ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டவும், தனியாக ஓர் ஆலாபனை செய்யவும் அதிகாரம் பெறுகிறது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு மேடையேறி, கானாவையும் ராக்கையும் ஒரே பந்தியில் அமர்த்திய பிறகு, வடசென்னைப் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட ஆசை எழுவது இயற்கையே. அதை நான் குறைவாக எண்ணவில்லை. அந்த ஆசைதான் உன்னுடையதென்றால் ஆறு தந்தியைத் தாராளமாக நினை. ஆயினும் 'அன்னக்கிளி'க்குப் பின் வந்த இளையராஜா பாடல்களின் பாஸ் நடைகளைக் காதில் ஏற்றிப் பார். பாட்டுக்குள்ளேயே இன்னொரு பாட்டாக ஓடுகிற அவற்றில் பெரும்பகுதி நான்கு தந்திக்குள் அடங்கிவிடுவதைக் காண்பாய்.

மலிவு என்ற சொல்லுக்கு இப்போது வருகிறேன். உன் பணம் கரையும் இடம் அதுதான். ஒவ்வொரு தந்தியும் கழுத்தை ஏறக்குறைய 40 பவுண்டு பலத்தோடு இழுக்கிறது என்று வைத்துக்கொள். இரண்டு தந்திகள் கூடினால் அந்தக் கட்டையின் மேல் எவ்வளவு பாரம் ஏறுகிறதென்று நீயே கணக்கிடலாம். விலையைக் குறைக்க விரும்புகிற தொழிற்சாலை மரத்திலும் திருகாணியிலும்தான் கையை வைக்கும். போதாக்குறைக்கு, எண்ணூர்ப் பக்கத்து உப்புக் காற்று நம் வீடுகளுக்குள் வந்து தந்தியைத் துருவேற்றுவதும், மழைக்கால ஈரத்தில் கழுத்து வளைவதும் சகஜம். நான்கு தந்தியில் விரல்களுக்குப் பழகிய 19 மில்லிமீட்டர் இடைவெளி, மலிவான ஆறு தந்திகளில் பெரும்பாலும் 16, 17க்கு இறங்கிவிடும். ஸ்லாப் வாசிக்கும் கட்டைவிரலுக்கு அங்கே இடம் போதாது. மீட்டாத தந்திகள் தாமாகவே அதிர்ந்து முணுமுணுக்கும். அவற்றை இரண்டு கைகளாலும் அடக்குவதற்கே தனிச் சாதகம் வேண்டும்.

ஆகையால் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதே. கடைக்குப் போ, மவுண்ட் ரோட்டில் இருக்கிற, 1842இல் தொடங்கிய முசே மியூசிகலாயினும் சரி, வேறெதுவாயினும் சரி. வாத்தியத்தைத் தோளில் மாட்டி இடக்கையை எடுத்துவிடு. தலைப்பக்கம் தரையை நோக்கிச் சாய்ந்தால், இரண்டு மணி நேரக் கச்சேரியில் உன் தோள் அதன் வட்டியைக் கட்டும். 'பி' தந்தியின் ஐந்தாம் மெட்டும் திறந்த 'ஈ'யும் ஒரே ஸ்வரம். இரண்டையும் மாறி மாறி மீட்டு. முன்னது மங்கி, தொளதொளவென்று கேட்டால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். 34 அங்குலத்துக்குப் பதில் 35 அங்குல அளவுள்ளது அகப்பட்டால், அந்தத் தந்தி சற்று இறுக்கமாகப் பேசும். பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய ஒலியும், அதே இடத்தில் தொட்டு எழுப்பிய ஒலியும் ட்யூனரில் ஒன்றாக நிற்கின்றனவா என்று ஆறு தந்திக்கும் பார். கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து முறுக்கல் உண்டா என்று நோக்கு.

பழைய வாத்தியத்தை விற்று இதை வாங்குவது என்ற யோசனை மட்டும் எனக்குச் சம்மதமில்லை. வருகிற ஆடியில் பிழைப்புக்கு உன்னைக் கொண்டுபோகப் போவது அந்த நான்கு தந்திதான். விற்காமல் வாங்க முடியாதென்றால் ஆறு மாதம் பொறு. அதுவரையில் 'ஈ'யைத் தளர்த்தி வாசித்துக்கொண்டிரு. பணம் கட்டுமுன், ஆறு தந்தித் தொகுதி என்ன விலை, அந்தக் கடையில் எப்போதும் கிடைக்குமா என்பதையும், உள்ளே 9 வோல்ட் பாட்டரி இருந்தால் அதை மாற்றத் திருப்புளி வேண்டுமா என்பதையும் விசாரித்து எழுது. கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தால், கச்சேரிப் பையில் ஒரு திருப்புளியும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்