ஜெர்மன் ஏ1: கேள்விக்கு மேல இருக்கிற ஒரு வரி

போன செமஸ்டர் எழுதின ஜெர்மன் ஏ1 மாக் டெஸ்ட்ல ஒரு முழு கேள்விக்கு எனக்கு முட்டை மார்க். இடது பக்கம் ஐந்து வாக்கியம், வலது பக்கம் ஐந்து படம், மேலே 'ஓர்ட்னென் ஸீ ட்ஸு' என்று ஒரு வரி. 'ஓர்ட்னென்' என்றால் வரிசைப்படுத்துவது, அது எனக்குத் தெரியும். உடனே வாக்கியங்களை ஒரு கதை மாதிரி வரிசைப்படுத்தி 1, 2, 3 என்று நம்பர் போட்டுட்டு வந்துட்டேன். அவங்க கேட்டது பொருத்துக! ஐந்து வாக்கியமும் எனக்குப் புரிஞ்சிருந்தது, அதுதான் கடுப்பு.

நான் விட்டது கடைசியில தனியா நின்ன அந்த 'ட்ஸு'வை. ஜெர்மன்ல பல வினைச்சொற்களுக்கு முன்னாடி ஒரு குட்டி ஒட்டு இருக்கும். கட்டளையா சொல்லும்போது அது கழண்டு வாக்கியத்தோட கடைசிக்குப் போயிடும். 'ட்ஸுஓர்ட்னென்' என்பதுதான் முழு வினை, அர்த்தமும் வேற. 'ஷ்ட்ரைஷன் ஸீ துர்ஷ்' என்றால் அந்த வார்த்தையை அடிக்கணும். 'ஷ்ட்ரைஷன்' மட்டும் அகராதியில தேடினா பெயின்ட் அடிக்கிறதுன்னு வரும், குழம்பிடுவீங்க. 'உன்டர்ஷ்ட்ரைஷன் ஸீ' என்றால் அடிக்கோடு போடணும், இதுல ஒட்டு பிரியாது. நமக்கு இது பெரிய விஷயமா இருக்கக் கூடாது மக்களே. தமிழ்ல வாக்கியம் முடியுற வரைக்கும் காத்திருந்துதானே வினையைப் பிடிக்கிறோம்?

அப்புறம் ஏன் எனக்கு இது தெரியல? கிளாஸ்ல ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னாடி மிஸ் "மேட்ச் பண்ணுங்க", "ஃபில் பண்ணுங்க"ன்னு சொல்லிடுவாங்க. நல்ல மனசோடதான். ஆனா அந்த வரியை நாங்க ஒருநாளும் படிச்சதே இல்ல. ஸ்கூல்ல தமிழ் பேப்பர்லயும் நான் இப்படித்தான். கோடு தெரிஞ்சா நிரப்புவேன், மேலே என்ன எழுதியிருக்குன்னு பார்த்ததில்ல.

இப்போ ரெண்டு ஜூனியர்ஸுக்கு லைப்ரரியில ஜெர்மன் சொல்லித் தரேன். முதல் வாரம் நானும் மிஸ் பண்ணதையே பண்ணேன். இப்போ கேள்வியை ஒரு பேப்பரால மூடிடுறேன். அந்த ஒரு வரியும் 'பைஷ்பீல்'னு போட்ட மாதிரி விடையும் மட்டும் வெளியே தெரியும். "இதுக்கு அர்த்தம் என்ன?"ன்னு கேக்குறதில்ல, "இப்ப உன் கை என்ன செய்யணும்?"னுதான் கேக்குறேன். வித்தியாசம் இருக்கு. 'எர்கென்ட்ஸன் ஸீ' வந்தப்ப ஒருத்தி "கம்ப்ளீட் பண்ணணும்"னு டக்குன்னு சொன்னா. எங்க, எதை எழுதணும்னு கேட்டா முழிச்சா. மாதிரி விடையைப் பார்த்த பிறகுதான் விடுபட்டதை நிரப்பணும்னு பிடிபட்டுச்சு.

கதே ஏ1 பரீட்சை எழுதப் போறவங்க ரெண்டு இடத்துல கூடுதலா கவனிங்க. கேட்டல்ல மூணு பகுதி. முதலும் மூணாவதும் 'ட்ஸ்வைமால்', ரெண்டு தடவை வரும். நடுவுல இருக்கிறது 'ஐன்மால்', ஒரே தடவை. மறுபடி போடுவாங்கன்னு உட்கார்ந்திருந்தா போச்சு. எழுத்துல மூணு குறிப்புக்கும் ஒண்ணு ரெண்டு வாக்கியம், மொத்தம் சுமார் 30 வார்த்தை. ஒரே குறிப்புக்கு ஒரு பக்கம் எழுதி மத்த ரெண்டையும் விட்டவன் என் இன்னொரு ஜூனியர்.

நேத்து 'க்ராய்ட்ஸன் ஸீ ஆன்' வரியைக் காட்டினேன். "அண்ணா, கடைசியில 'ஆன்' இருக்கு, பார்த்துட்டேன். டிக் போடவா, எக்ஸ் போடவா?"ன்னு கேட்டா.

எக்ஸ்.