கப்பல் டூர் ஹெல்த் ஃபார்ம்: ‘இல்லை’ன்னு டிக் பண்றதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

2022 ஜூன்ல சென்னைத் துறைமுகத்துல இருந்து கோர்டிலியா சொகுசுக் கப்பல் கிளம்ப ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் “போனஸ் வந்ததும் ஒரு க்ரூஸ்” என்பது நம்ம சம்பளக்காரங்க லிஸ்ட்லயும் சேர்ந்துடுச்சு. கேபின், சாப்பாடு பத்தி நிறைய பேர் பேசிட்டாங்க. நாம இன்னைக்குப் பார்க்கப் போறது, கப்பல் ஏறும் முன்னாடி நிரப்பச் சொல்லும் ஹெல்த் ஃபார்ம்.

பொதுவா அதுல ரெண்டு வகைக் கேள்வி இருக்கும். ஒண்ணு, “உங்களுக்கு காய்ச்சல், வாந்தி, பேதி இருக்கா?” இன்னொண்ணு, “தொற்று நோய் உள்ளவங்களோட சமீபத்துல பழகினீங்களா?” முதல் கேள்விக்கு உண்மையைச் சொல்றவங்ககூட ரெண்டாவதுல தடுமாறுவாங்க. “நான் நல்லாத்தானே இருக்கேன்!”

ஒரு கற்பனை உதாரணம்

ஓரகடத்துல வேலை பார்க்கற ஒருத்தர். சொந்த ஊர் வந்தவாசி பக்கம் தெள்ளார், வீட்டுல பட்டுத்தறி. லீவுக்கு ஊருக்குப் போய், அண்ணன் பையனோட ரெண்டு நாள் விளையாடிட்டு வர்றார். திரும்பி வந்த மறுநாளே போன்: “பையனுக்கு அம்மை போட்டிருக்குப்பா.” 12 நாள்ல கப்பல். கணவன் மனைவி ரெண்டு பேர் டிக்கெட், 60,000 ரூபாய்.

சின்னம்மை உடம்புக்குள்ள போய் வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். கொப்புளம் வர்றதுக்கு 1-2 நாள் முன்னாடியே அடுத்தவங்களுக்குப் பரவும். அதாவது, இவர் நல்லா இருக்கறதா நினைக்கிற அந்த நாள்லயே பரப்பலாம். கப்பல்ல கர்ப்பிணிகள் இருப்பாங்க, கைக்குழந்தைகள் இருக்கும், புற்றுநோய் சிகிச்சை எடுக்கறவங்களும் இருக்கலாம். அவங்களுக்குச் சின்னம்மை சாதாரண விஷயம் இல்லை.

அம்மை போட்ட வீட்டு வாசல்ல வேப்பிலை சொருகுவாங்க இல்லையா? அதுதான் நம்ம ஊரோட பழைய ஹெல்த் டிக்ளரேஷன். “உள்ளே வராதீங்க”ன்னு வெட்கப்படாம சொன்னவங்க நம்ம பாட்டிமார்.

கப்பல்ல என்ன ஆகும்?

2020 பிப்ரவரியில ஜப்பான் யோகோஹாமாவுல நின்ன டயமண்ட் பிரின்சஸ் ஞாபகம் இருக்கா? கப்பல்ல 3,711 பேர். அதுல 700 பேருக்கு மேல கொரோனா. ஹாங்காங்ல இறங்கின ஒரு பயணிக்குத் தொற்று உறுதியான பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. அவர் மேல குற்றம் சொல்ல முடியாது, அப்போ யாருக்கும் தெரியாது. கப்பல்ல 138 இந்தியர்கள், அதுல பெரும்பாலானவங்க ஊழியர்கள். பயணிகள் கேபினுக்குள்ள இருந்தப்போ அவங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துட்டு இருந்தது இந்த ஊழியர்கள்தான். நம்ம மாதிரியே மாதச் சம்பளக்காரங்க. தெரியாம நடந்தாலே இந்த நிலைமைன்னா, தெரிஞ்சே மறைக்கலாமா?

இப்போ பணக் கணக்கு

உண்மையைச் சொன்னா: மோசமான பட்சம் 60,000 போகும். ஆனா ‘ஆமா’ன்னு எழுதின உடனே திருப்பி அனுப்பிடுவாங்கன்னு இல்லை. சின்ன வயசுல அம்மை வந்திருக்கா, ரெண்டு டோஸ் தடுப்பூசி போட்டிருக்கீங்களான்னு மருத்துவக் குழு கேட்கலாம். அனுமதிக்கலாம், தேதி மாத்தியும் கொடுக்கலாம்.

மறைச்சு, கப்பல்ல நோய் வந்தா: கேபின்லயே தனிமை, அதாவது அந்த 60,000 அப்பவும் போச்சு. மேல கப்பல் டாக்டர் பில், லாஸ் ஆஃப் பே. பொய் டிக்ளரேஷன் கொடுத்ததால க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம். உயிருக்கு ஆபத்தான நோயைக் கவனக்குறைவா பரப்பினா, பாரதிய நியாய சன்ஹிதா 271-ன்படி 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது ரெண்டும்.

ஒளிக்காம சொல்றது எவ்ளோ பெறும்னு ரெண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு காட்டும். ரெண்டும் நாள்பட்ட நோய் பத்தினது, ஆனா பாடம் ஒண்ணுதான். 2009 தீர்ப்புல, சர்க்கரையும் சிறுநீரகப் பாதிப்பும் இருந்ததை மெடிக்ளெய்ம் ஃபார்ம்ல மறைச்சதால க்ளெய்ம் போச்சு. 2021 டிசம்பர் தீர்ப்புல, அமெரிக்கா போனவர் ஒருத்தர் சர்க்கரை இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருந்தார். சான் பிரான்சிஸ்கோ போய் இறங்கினதும் இதயப் பிரச்சினை வந்து ஸ்டென்ட் வெச்சாங்க. ஒரு மாத்திரையைச் சொல்லலைன்னு இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்தும், கோர்ட் அவர் பக்கம் நின்னுது.

பொய் சொல்ல வைக்கிறது எது?

கெட்ட மனசு இல்லைங்க. “கட்டின பணம் போயிடுமே” என்கிற பயம்தான். அதனால அந்தப் பயத்தை புக்கிங் அன்னைக்கே குறைச்சிடணும்:

1. போனாலும் வீட்டுச் செலவு தடுமாறாத தொகைக்குத்தான் டிக்கெட். இஎம்ஐ போட்டு க்ரூஸ் வேண்டாம்.

2. பணம் கட்டும் முன்னாடி கேன்சல், தேதி மாற்ற விதியைப் படிங்க. தேதி மாத்தக்கூடிய டிக்கெட் கொஞ்சம் அதிகம்னாலும் பரவாயில்லை.

3. பயண ரத்து கவர் உள்ள டிராவல் இன்சூரன்ஸை புக் பண்ண அன்னைக்கே எடுங்க. வீட்டுல நோய் வந்த பிறகு எடுத்தா அதுக்குக் கவர் கிடைக்காது. நோய் வந்தா மட்டும்தானா, தொடர்பு இருந்து ஏத்தலைன்னாலும் தருவாங்களான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க.

4. டூர் பட்ஜெட்ல 10 சதவீதம் தனியா ஒதுக்குங்க. தேதி மாத்தற கட்டணத்துக்கு உதவும்.

5. சந்தேகம் இருந்தா துறைமுகம் வரைக்கும் காத்திருக்காதீங்க. முன்னாடியே டாக்டரைப் பாருங்க, கப்பல் கம்பெனிக்கு மெயில் போடுங்க. சீக்கிரம் சொன்னா வழியும் அதிகம்.

எமர்ஜென்சி ஃபண்ட் எதுக்குன்னு நம்ம வீடியோக்கள்ல கேட்டுட்டே இருப்பீங்க. வேலை போனா சாப்பிட மட்டும் இல்லை. 60,000 ரூபாய்க்காக ஒரு கர்ப்பிணிப் பெண்ணோட உடம்பைப் பணயம் வைக்காம, “ஆமா, எங்க வீட்டுல அம்மை போட்டிருக்கு”ன்னு நிமிர்ந்து சொல்லவும்தான்.