கணக்கு எண் மாறிவிட்டதாக மெயில் வந்தால்...

“எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தப் புது எண்ணுக்கு அனுப்புங்கள்” என்று சப்ளையர் பெயரில் மெயில் வந்தால் உடனே பணம் போடாதீர்கள். பில், லோகோ, முத்திரை எல்லாம் அசல் போலவே இருக்கும். மெயில் முகவரியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கலாம். சப்ளையரின் மெயிலையே திருடர்கள் கைப்பற்றியிருந்தால் அந்த வித்தியாசமும் இருக்காது. எனவே மெயிலில் உள்ள போன் எண்ணை விடுங்கள். பழைய பில்லில் இருக்கும் போன் எண்ணில் அழைத்து, பழகியவரிடமே கேளுங்கள்.

நெட் பேங்கிங்கில் பணம் அனுப்பப் பதிவு செய்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் வேறொருவர் என்று வையுங்கள். நம்பிக்கையான கணக்கர்தானே என்று இரண்டு பாஸ்வேர்டையும் ஒருவரிடமே கொடுப்பது அவருக்கும் நல்லதல்ல.

பணம் போய்விட்டதா? அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் வங்கிக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால், திருடர்கள் எடுப்பதற்குள் பணத்தை முடக்க வாய்ப்புண்டு.